உப்புப் பூத்த சுவர்

கார்த்திகை மழை விட்ட மறுநாள் போன்.
"ஏனுங்க்கா, உங்க கல்லு பூத்துக் கெடக்குது,
ஒரு நடை வந்து பாருங்."
ஊஞ்சவலசு பரிமளம்.
ஆறு லோடு எடுத்தவள், ஒரு ரூபாய் பாக்கி வைக்காதவள்.
கடன் வைத்தவள் கூப்பிட்டால் நாளைக்கு என்கலாம்.
இவளிடம் முடியாது.

ஸ்கூட்டியில் போனேன்.
வெள்ளகோவில் தாண்டி, தறிச் சத்தம் தேய்ந்து
சோளத்தட்டின் சரசரப்பு தொடங்கும் இடத்தில்
பூச்சு காணாத புது வீடு.
தென்சுவரில் இடுப்பு உயரத்துக்கு
யாரோ கோலப்பொடியை ஊதிவிட்டதுபோல் வெள்ளை.
விரலால் தேய்த்தேன். போயிற்று.
விடிந்தால் வந்துவிடும் என்று
எனக்குத் தெரியும்.

"உங்க போர்த் தண்ணி உப்புங்" என்றேன்.
ஆயிரத்து இருநூறு அடிக்குக் கீழே கிடப்பதைக்
குற்றம் சொல்வது லேசு.
ஏறி வந்து இல்லையென்று சொல்லாது.

தலையாட்டினாள். மோர் கொடுத்தாள்.
காட்டு நடுவே கால் பரப்பி நிற்கும் டவரைக் காட்டி
"அதுக்குக் குடுத்த பணந்தானுங் இந்த ஊடு.
பதினேழு தென்னை போச்சு" என்றாள்.
ஈரக் காற்றில் கம்பி முனகிக்கொண்டிருந்தது,
வயிற்றுவலிக்காரனைப் போல, நிறுத்தாமல்.

வியாழன் இரவு கித்தேரியானின் லாரி வந்தது.
தெற்கே கடலோர மின்நிலையத்துச் சாம்பல்.
உலர்ந்தது விலை கூட.
நான் வாங்குவது குளத்துச் சாம்பல்,
வண்டி வாடகை மட்டும்.
டன்னுக்கு இருநூற்று எழுபது மிச்சம்.
கணக்கு நோட்டில் அது என் கையெழுத்தில் இருக்கிறது.

தார்ப்பாயை அவிழ்த்தபடியே சிரித்தான்:
"கல்லு பூக்காம என்ன செய்யும்க்கா?
சாம்பலக் கடத்தண்ணில கரைச்சுல்லா
குழாய்ல வுடுதாவ."
குவியலில் கைவிட்டு ஒன்றை எடுத்து நீட்டினான்.
நகக்கண் அளவு சிப்பி, பாதி உடைந்தது.
சுடுதண்ணீர் விழும் கால்வாய்ப் பக்கம்
நண்டு இல்லாமல் போனதையும்,
கழிமுகம் சாம்பலில் தூர்ந்து
படகு தரைதட்டிய நாளையும்
டீ ஆறும் முன் சொல்லி முடித்தான்.
படகு விற்ற காசுதான் இந்த லாரிக்கு முன்பணம்.
மேலே என்னவோ சொல்ல வாயெடுத்து
டயரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டான்.

சிப்பியை பில் புத்தகத்தின் மேல் வைத்தேன்.
தூக்கம் வராமல்
என் கல் ஏறிய சுவர்களை எண்ணினேன்.
மூலனூர் ரோட்டில் இரண்டு தறிக்குடோன்,
பள்ளிக்கூடக் காம்பவுண்டு,
ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு,
முத்தூரில் என் நங்கையா வீட்டுக் குளியலறை.
எத்தனையில் பூத்திருக்கும்,
எத்தனை பேர் தத்தம் போர்த் தண்ணீரைத்
திட்டிக்கொண்டிருப்பார்கள்?
அன்றிரவு கரண்ட் போகவில்லை.
தறிகள் விடிய விடிய அடித்தன.
என் கல் அச்சும் ஓடியது.
நான்தான் போடச் சொன்னேன்,
கொட்டிய சாம்பல் கொட்டியபடி கிடக்க முடியுமா?

மறுவாரம் அந்த வழியே போக நேர்ந்தது.
நேர்ந்தது என்பது பொய். போனேன்.
பரிமளத்தின் மயிலை மாடு
கயிறு விறைக்கக் கழுத்தை நீட்டி
தென்சுவரை நக்கிக்கொண்டிருந்தது.
அவசரமில்லாமல், கண் செருகி,
ஒவ்வொரு கல்லாக,
நாக்கு பட்ட இடமெல்லாம் கறுத்து மின்ன.
"உப்புக்கட்டி வாங்கற செலவு மிச்சமுங்"
சாணிக் கையோடு வந்து சிரித்தாள்.
சினை. ஏழு மாசமாம்.

"பரிமளம், மாட்டை அந்தப் பக்கம் கட்டாதீங்."

"ஏனுங்க்கா?"

தலைக்கு மேலே கம்பி முனகியது.
ஸ்கூட்டியை அணைத்து
ஸ்டாண்டு போட்டேன்.